கேட்காமல் தாண்டக் கூடாது

கல்லடியில் வாவிப் பக்கம் பார்த்த ஓர் அறையில் கேதீஸ்வரி வாடகைக்கு இருந்தாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அந்த ஒழுங்கையில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பகல் முழுக்க ஜன்னலோரம் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்; இடைக்கிடை கொழும்புக்குப் போன் எடுத்து யாரையோ ஏசுவாள்; பின்னேரம் பாலத்தடிக்கு நடந்து போய் வருவாள். கல்யாணம் கட்டாத, முப்பது கடந்த பெண் ஒருத்தி இப்படி இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? என்.ஜீ.ஓ. வேலை என்றார்கள் சிலர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறாள் என்றார்கள் வேறு சிலர். அவளாகப் போய் யாருக்கும் விளக்கவில்லை. விளக்கினாலும் யார் நம்பப் போகிறார்கள்?

உண்மையில் அவள் செய்துகொண்டிருந்தது இதுதான். கொம்பியூட்டருக்குள் செருகுகிற வலைக் கார்ட் ஒன்றை வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று செய்திருந்தது. பெரிய பெரிய கொம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான கார்ட் அது. கண் மூடித் திறப்பதற்குள் லட்சக்கணக்கான தகவல் பொதிகளைக் கொண்டுவந்து கொட்டும். கொட்டினால் மட்டும் போதாது, எடுத்து உரிய இடத்தில் சேர்க்க ஆள் வேண்டும். கார்ட்டுக்கும், கேர்னல் என்று சொல்லப்படுகிற கொம்பியூட்டரின் நடுவீட்டுக்கும் இடையில் நின்று அந்த வேலையைப் பார்க்கிற நிரலுக்கு ட்ரைவர் என்று பெயர். அதை லினக்ஸுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பைக் கொழும்பில் ஒரு சின்னக் கொம்பனி எடுத்திருந்தது. அந்தக் கொம்பனிக்காக அதை எழுதியவள் கேதீஸ்வரி. உலகத்திலேயே வேகமான கார்ட்டுகளில் ஒன்றுக்கான ட்ரைவர், ஒரு படம் திறக்கும் நேரத்தில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம் என்கிற கல்லடி இன்ரநெற்றில் எழுதப்பட்டது. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்களே, அதேதான்.

கார்ட் கல்லடியில் இல்லை. அது கொழும்பில், பிறையனிடம் இருந்தது. பிறையன் மட்டக்களப்பு டவுனில், போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை. கொம்பனியின் சோதனை அறை அவன் பொறுப்பு. கேதீஸ்வரி இங்கிருந்து நிரலை அனுப்புவாள், அவன் அங்கே ஏற்றி ஓட்டிப் பார்ப்பான். நிரலில் பிழை இருந்தால் மிசின் அப்படியே விறைத்துப்போய் நிற்கும். அப்போது ஒருவர் எழும்பிப் போய் விசையை அமத்த வேண்டும். "உன்னால என்ர பெருவிரல் தேஞ்சு போச்சு மனே" என்பது பிறையனின் நிரந்தரமான முறைப்பாடு. ஆணோ பெண்ணோ, அவனுக்கு எல்லாரும் 'மனே'தான்.

அவள் ஏன் கொழும்பை விட்டு இங்கே வந்து இருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் குடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கேதீஸ்வரி பழுகாமத்துப் பிள்ளை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயலும் குளமுமாகக் கிடக்கிற ஊர். மட்டக்களப்புப் பக்கத்தில் ஆட்கள் குடி குடியாக இருப்பார்கள். ஒருவர் எந்தக் குடி என்பது அப்பாவைப் பார்த்து வருவதில்லை, அம்மாவைப் பார்த்து வருவது. ஆணின் பிள்ளைகள் அவன் மனைவியின் குடிக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒரு குடியில் நூறு ஆண்கள் இருந்தாலும், பெண் இல்லையென்றால் அந்தத் தலைமுறையோடு குடி முடிந்தது. கேதீஸ்வரியின் குடி பொன்னாண்ட குடி. பெயரைக் கேட்டால் பெரிய இடம் மாதிரி இருக்கும். ஊரில் மூன்றே மூன்று வீடுதான்.

ஆனாலும் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் மூன்று வீட்டுக் குடிக்கும் முப்பது வீட்டுக் குடிக்கும் ஒரே மரியாதை. ஆடித் திருவிழாவின் கடைசி நாள் கோயிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் முன்னால் வந்து நின்று, குடிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தக் குடியைச் சேர்ந்த ஒருவர் "இரிக்கம்" என்று சத்தம் கொடுத்துப் போய் வெற்றிலையும் திருநீறும் வாங்க வேண்டும். சத்தம் வராவிட்டால் வண்ணக்கர் தாண்டிப் போகக் கூடாது. மறுபடி கூப்பிட வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் சத்தம் இல்லையென்றால்தான் அடுத்த குடி. அப்படிப் போனால் அந்தப் பெயர் பிறகு கூப்பிடப்படுவதில்லை. கேட்காமல் தாண்டக் கூடாது, இதுதான் வழக்கு. இன்னொரு வழக்கும் உண்டு: சத்தம் கொடுப்பது ஆண்கள்தான். குடி வருவது பெண்ணால், 'இருக்கிறோம்' என்று சொல்வது ஆண். இந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பொன்னாண்ட குடிக்குச் சத்தம் கொடுப்பவர் தங்கராசா, கேதீஸ்வரியின் அம்மா சின்னத்தங்கத்துக்கு அண்ணன். அப்பா சிறு வயதில் காய்ச்சலில் போய்விட்டதால் அவளைப் படிக்க வைத்ததும், கட்டுபெத்தைப் பல்கலைக்கழகத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனதும் அந்த மாமாதான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, கேதீஸ்வரியின் அக்காவின் பிள்ளைக்கு முதற்சோறு தீத்தினார்கள். அக்கா கல்லடியில் கடற்கரைப் பக்கம் குடியிருந்தாள். மூன்று வீட்டுப் பெண்களும் முதல் நாளே பாலம் கடந்து அங்கே போய்விட்டார்கள். சின்னத்தங்கம், சின்னம்மா, சின்னம்மாவின் இரண்டு மகள்மார், மூன்றாவது வீட்டுத் தாயும் பிள்ளையும், எல்லாருமே. தங்கராசா வயல் வட்டையில் தண்ணீர் கட்டிவிட்டுப் பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார். கேதீஸ்வரிக்குக் கொழும்பில் லீவு கிடைக்கவில்லை. கடல் வந்தது காலையில். போனவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. சிலரைக் கண்டெடுத்தார்கள், சிலரைக் கண்டெடுக்கவில்லை. அம்மாவைக் கண்டெடுக்கவில்லை.

கேதீஸ்வரி தேடுவதற்கென்று வந்தவள், திரும்பிப் போகவில்லை. போகக் கூடாது என்று தீர்மானம் எடுத்ததுமில்லை. ஒவ்வொரு கிழமையும் அடுத்த கிழமை போவம் என்று நினைத்து நினைத்து இருந்துவிட்டாள். கொம்பனி நல்ல பிள்ளையை இழக்க மனமில்லாமல் இங்கிருந்தே செய்யச் சொன்னது. பழுகாமத்தில் இருந்து செய்ய முடியாது. படுவான்கரை அப்போது புலிகள் இயக்கத்தின் கையில். ஊருக்குப் போகிற பட்டிருப்புப் பாலத்தில் ஆமி. அந்தப் பாலத்தால் ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுபோய், அது எதற்கு என்று இரண்டு பக்கத்துக்கும் விளங்கப்படுத்துவதைவிட ட்ரைவர் எழுதுவது சுலபம். அதனால் கல்லடியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாவியைப் பார்த்தபடி இருந்தாள்.

அடுத்த இரண்டு திருவிழாவிலும் தங்கராசா ஒற்றை ஆளாக நின்று சத்தம் கொடுத்தார். பிறகு படுவான்கரையில் சண்டை பிடித்தது. ஷெல்லுக்குப் பயந்து சனம் வாவி கடந்து வந்து களுவாஞ்சிகுடிப் பக்கத்து முகாம்களில் கிடந்தது, தங்கராசாவும் கிடந்தார். அந்த வருடம் கோயிலில் விளக்கு வைக்கவும் ஆளில்லை. அடுத்த வருடம் ஊர் திரும்பியவர்கள் ஒரு நாள் பூசையோடு முடித்துக்கொண்டார்கள். குடி கூப்பிடவில்லை.

ட்ரைவர் வேலை கேதீஸ்வரியிடம் வந்தது அந்தக் காலத்தில்தான்.

அந்தக் கார்ட் வருகிற பொதிகளை எட்டு வரிசையாகப் பிரித்து, கொம்பியூட்டரின் நினைவகத்தில் வைக்கும். முதல் பொதி வந்ததும் ஒரு மணி அடிக்கும். ஒவ்வொரு பொதிக்கும் மணி அடித்தால் காது செவிடாகிவிடும் என்பதால், மணி கேட்டதும் ட்ரைவர் செய்கிற முதல் வேலை மணியை நிறுத்துவது. பிறகு தானாகவே எட்டு வரிசையையும் சுற்றிச் சுற்றி வந்து, இருப்பதை எடுத்து உள்ளே கொடுக்கும். எட்டும் வெறுமையானதும் மணியைத் திறந்துவிட்டுப் படுத்துவிடும். சொல்லப் போனால் இவ்வளவுதான். ஆனால் பொதிக்கும் பொதிக்கும் இடையில் கிடைக்கிற நேரம், நேரம் என்று சொல்லவே வெட்கப்படுகிற நேரம்.

கேதீஸ்வரி இதை அழகாக எழுதியிருந்தாள். யார் பார்த்தாலும் அழகு என்றுதான் சொல்வார்கள். ஓட்டிப் பார்த்தால் வேகம் வரவில்லை. எட்டு வரிசையிலும் பொதி குவிந்தால் ஓடியது. ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் குவிந்து மற்றவை வெறுமையாய் இருந்தால், அதாவது வேலை குறைந்தால், பாதி வேகத்துக்கு விழுந்தது. அள்ளிக் கொட்டிய பொதிகள் எடுக்க ஆளில்லாமல் கீழே போயின. வேலை கூடினால் ஓடுகிறான், குறைந்தால் நொண்டுகிறான், இது என்ன கோதாரி என்று அவளுக்கு விளங்கவில்லை.

பிறையனிடம் கேபிளை மாற்றச் சொன்னாள். மாற்றினான். கார்ட்டைக் கழற்றி வேறு இடத்தில் செருகச் சொன்னாள். செருகினான். மிசினையே மாற்றச் சொன்னாள். அதையும் மாற்றினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பல கிழமை இப்படிப் போனது. தருவதாகச் சொன்ன நாளும் தாண்டிவிட்டது. வெளிநாட்டுக் கொம்பனி முகத்தைச் சுளிக்கத் தொடங்கியது.

கடைசியில் ஒருநாள் முற்பகல் பிறையன் போன் எடுத்தான்.

"கேதி, நான் உன்ர நிரல முதல்ல இருந்து வாசிச்சனான்."

"நீயா?"

"ஏன், எங்களுக்கு வாசிக்கத் தெரியாதா? ஒரு இடம் விளங்கல்ல. வரிசை வெறுமையெண்டு தெரிஞ்ச பிறகும் நீ கார்ட்டக் கேக்கிற, உன்னிட்ட ஏதும் இரிக்கா எண்டு. அது பதில் சொல்லுமட்டும் நிக்கிற."

"ஓம். வாற வழியில ஒரு பொதி இருந்தா?"

"இருந்தா அடுத்த சுத்தில எடு. இல்லாட்டி எல்லாம் முடிச்சு, மணியத் திறந்த பிறகு ஒருக்காக் கிறுகித் திரும்பிப் பார். இப்ப ஏன் நிக்கிற? ஆருக்காக நிக்கிற?"

கேதீஸ்வரி நிரலில் அந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். நினைவகத்தில் வரிசையைப் பார்ப்பது அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கிற வேலை. கார்ட்டையே கேட்பதென்றால் பாலம் கடந்து போய்க் கேட்டு, பதில் வாங்கித் திரும்பி வர வேண்டும். ஆறு வரிசை வெறுமை என்றால் சுற்றுக்கு ஆறு தரம் பாலம் கடக்க வேண்டும். அதற்குள் நிறைந்த வரிசைகள் வழிந்து போகாமல் என்ன செய்யும்? முதல் வருடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை.

"பக்கத்தில ஒரு குறிப்பும் எழுதி வெச்சிருக்கிற," என்றான் பிறையன். "கேட்காமல் தாண்டக் கூடாது எண்டு. ஆரு சொன்ன? கார்ட் செய்தவனா?"

"இல்ல," என்றாள் கேதீஸ்வரி. "எங்கட ஊர்க் கோயில்ல."

பிறையன் முதலில் சிரித்தான். பிறகு அவள் குடியைப் பற்றியும், கூப்பிடுவதைப் பற்றியும் சொல்லச் சொல்லச் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவனுடைய ஆட்களும் கல்லடிக்கு அங்கால் டச்பார் கடற்கரையில் இருந்தவர்கள். கடல் வந்த பிறகு அவனும் மிஞ்சியவர்களை எண்ணிப் பார்த்துக் கைவிட்டவன்.

"சரி மனே," என்றான் கடைசியில். "ஆனா இது மிசின். ஆளில்லாத இடத்த தாண்டு."

ஆளில்லாத இடத்தைத் தாண்டினாள். நாலைந்து வரிதான். அழித்துவிட்டு அனுப்பினாள், பிறையன் ஏற்றினான், மிசின் பறந்தது. அவன் அனுப்பிய கணக்கைப் பார்த்துக்கொண்டு கேதீஸ்வரி ஜன்னலோரம் இருந்தாள். சந்தோசப்பட வேண்டும். படவில்லை. தன் ஆட்களைத் தானே பெயர் சொல்லாமல் தாண்டிவிட்ட மாதிரி இருந்தது. இது முட்டாள்தனம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கார்ட்டுக்கு அம்மாவும் இல்லை, குடியும் இல்லை. தெரிந்தாலும் அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு பாலத்தடிக்கு நடந்தாள்.

அந்த வருடம் வைகாசியில் சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்னது. டவுனில் வெடி கொளுத்தினார்கள். பாலத்தடிச் சென்றியில் காவல் நின்ற ஆமிப் பொடியன் ஒருவன் வாழையிலையில் பாற்சோறு வைத்துப் போகிற வருகிறவர்களுக்கு நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை, சாப்பிடவும் மனமில்லை. கையில் வைத்துக்கொண்டே பாலத்தின் மறுகரைக்குப் போனார்கள். வன்னியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாத வீடுகள் அந்த ஒழுங்கையிலேயே இருந்தன. இனி ஷெல் சத்தம் கேட்காது என்பது மட்டும் நிச்சயம். அதுவும் பெரிய விசயம்தான்.

சண்டை முடிந்ததால், ஆடித் திருவிழாவை இந்த முறை முழுதாகச் செய்வதென்று பழுகாமத்தில் கூட்டம் போட்டார்கள். தங்கராசா ஆள் அனுப்பிக் கேதீஸ்வரியை வரச் சொன்னார். அவள் போய்ச் சேர்ந்தபோது கோயில் மண்டபத்தில் பேச்சுத் தொடங்கிவிட்டிருந்தது.

வண்ணக்கர் அழகரத்தினம் ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். சிரித்ததை யாரும் கண்டதில்லை. வழக்கு என்றால் வழக்கு. சொந்த மச்சான் சால்வையை இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்ததற்காக, திருவிழாவின் நடுவில் வெளியே அனுப்பியவர். அப்படிப்பட்டவர் அன்று பொன்னாண்ட குடியின் பெயரை எடுத்துவிடலாம் என்று சொன்னார்.

"தங்கராசா, நான் கோவத்தில கதைக்கல்ல. உங்கட குடியில இப்ப ஆரு இரிக்கா? நீ. மறுகா இந்தப் புள்ள. புள்ளையும் கல்லடியில இரிக்கா. நாளைக்கு நீ கண்ண மூடினா ஆரு சத்தம் குடுக்கிற? கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆளில்லாம நிக்கிறத விட, மரியாதையா இப்பவே நிப்பாட்டுவம்."

"இவள் குடுப்பாள்," என்றார் தங்கராசா.

"பொம்புள சத்தம் குடுத்த வழக்கு இல்ல."

"குடுக்கப்படாதெண்டு வழக்கு இரிக்கா?"

அழகரத்தினம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், மற்ற வண்ணக்கர்மாரைப் போல வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர் இல்லை அவர். "அப்பிடியும் இல்ல," என்றார்.

பெரிய குடி ஒன்றைச் சேர்ந்த இளந்தாரி ஒருவன் பின்னால் இருந்து குரல் கொடுத்தான். "ஆளில்லாத குடியில நிண்டு நேரத்த ஏன் வீணாக்குவான்? அடுத்ததுக்குப் போனா எல்லாருக்கும் சுகம்தானே."

கேதீஸ்வரிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அவளே நாலைந்து வரியை அழித்துச் செய்துகாட்டிய நியாயம்தான் அது. எழுந்து நின்றாள். கோயில் கூட்டத்தில் பெண் எழுந்து பேசுவதும் வழக்கில் இல்லைதான், ஆனால் அதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

"வண்ணக்கர் ஐயா, நான் செய்ற வேலையும் இப்பிடித்தான். வரிசையாக் கேட்டுக் கேட்டுப் போற வேல. இல்லாத ஆள்களயும் கூப்பிட்டுக் கொண்டு நிண்டா அங்க வேல நடக்காது. கூப்பிடாமத் தாண்டிப் போ எண்டு நான்தான் எழுதினன். சரியாத்தான் எழுதினன். அது மிசின், அதுக்கு அவசரம். பிள்ளையாருக்கு என்ன அவசரம்?"

அவள் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கட ஆள்களக் கூப்பிட எனக்கு வேற இடம் இல்ல, ஐயா," என்று முடித்துவிட்டுக் கீழே இருந்தாள்.

அழகரத்தினம் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "இந்த வருசம் கூப்பிடுவம். சத்தம் வந்தா பேர் இரிக்கும். வராட்டி இல்ல. அவ்வளவுதான்."

பட்ட காலிலே படும் என்பது தங்கராசாவின் விசயத்தில் அப்படியே நடந்தது. திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கையில், முகாமில் இருந்தபோது ஒருதரம் முறிந்து பொருந்திய அதே காலை, வரம்பில் சறுக்கி விழுந்து மறுபடி முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். "நான் இல்லாட்டி என்ன," என்றார் பார்க்கப் போன மருமகளிடம். "குடி உன்னாலதானே வருது. நீ போய்ச் சொல்லு. ஆனா நேரத்துக்குப் போ மகள். அழகரத்தினம் வழக்குக்கு மிஞ்சி ஒரு மூச்சும் விடான்."

நேரத்துக்குப் போவதற்குத்தான் கேதீஸ்வரியும் நினைத்திருந்தாள். ஆனால் ட்ரைவரை வெளிநாட்டுக்காரர் ஏற்றுக்கொள்வதற்கு முன் ஓட்டிப் பார்க்கிற கடைசிச் சோதனை திருவிழாவின் கடைசி நாள் காலையில் என்று வந்துவிட்டது. நல்ல காரியம் இரண்டு ஒரே நாளில் வந்தால் இரண்டில் ஒன்றாவது கெடும். சோதனை நன்றாக நடந்தது. முடிந்தது என்று அவள் கைப்பையை எடுக்கும்போது, இன்னொரு தரம் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அதையும் அவளும் பிறையனும் காட்டினார்கள். பிறகு கேள்விகள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

"பிறையன், நான் போறன்," என்றாள் போனில்.

"எங்க போற? அவங்க இன்னும் கேள்வி கேக்கிறாங்க."

"நீதான் முழுக்க வாசிச்சனீதானே. நீ சொல்லு."

"ஏதும் பிழைச்சா?"

"பிழைச்சாத் திருத்தலாம். அங்க திருத்த ஏலாது."

"போ மனே," என்றான். "கெதியாப் போ."

பஸ் களுவாஞ்சிகுடி மட்டுக்கும் நிரம்பி வழிந்து ஊர்ந்தது. பட்டிருப்புப் பாலத்தில், சண்டை முடிந்தும் சென்றி முடியவில்லை. எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, ஒவ்வொருவராக நடக்க விட்டார்கள். அவளுக்கு முன்னால் நின்ற கிழவருக்கு அட்டை எந்தப் பையில் இருக்கிறது என்று மறந்துவிட்டது. அவர் ஒவ்வொரு பையாகத் தேடினார். கேதீஸ்வரிக்கு அவர் மேல் கோபம் வந்தது, பிறகு கோபம் வந்ததற்கு வெட்கம் வந்தது. பாலம் தாண்டியதும் ஓட்டோ ஒன்றைப் பிடித்தாள். நேரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பெயர் கூப்பிட்டு முடிந்திருக்கும் என்றுதான் மனம் சொன்னது. முடிந்திருந்தால் மாமாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள்.

ஊருக்குள் நுழைந்தபோது மேளச் சத்தம் இல்லை. திருவிழாக் கடைசி நாளில், அந்த நேரத்தில், மேளம் இல்லாத பழுகாமத்தை அவள் கண்டதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் முடிந்திருந்தால் சனம் கலைந்து வீதியால் வந்துகொண்டிருக்க வேண்டும். வீதியில் ஒருவரும் இல்லை.

கோயில் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வாசலோரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அவளைக் கண்டு எழும்பினாள்.

"எங்க கா போன? உங்கட குடிய ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு."

"மூண்டாவது?"

"அதுதான் கூப்பிடாம நிக்காரு. எவ்வளவு நேரமா நிக்காரு."

கேதீஸ்வரி உள்ளே போனாள். சனம் நிறைந்திருந்தது. வெயிலுக்குப் பிள்ளைகள் சிணுங்கின. மேளக்காரர் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பேசிய அதே இளந்தாரி தூணில் சாய்ந்து நின்று, "மூண்டாவதையும் கூப்பிட்டுப் போட்டுப் போவம் ஐயா, சனம் காயுது," என்று சொன்னான். அவன் அதைச் சொல்வது முதல் தரம் அல்ல என்பது அவன் குரலில் தெரிந்தது.

எல்லாருக்கும் முன்னால் அழகரத்தினம் நின்றுகொண்டிருந்தார். சட்டையில்லாத வெறும் மேலும் வேர்வையுமாக, நிமிர்ந்து, அசையாமல் நின்றார். "மூண்டு தரம் கூப்பிடோணும் எண்டு வழக்கு," என்றார் அவனைத் திரும்பிப் பார்க்காமல். "எந்த நேரத்துக்குள்ள எண்டு வழக்கில இல்ல."

அவளுக்கு அந்த இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது. பெயரை எடுத்துவிடலாம் என்று சொன்ன மனிதர் அவர்தான். பெயர் இருக்கும்வரை, அதை முறையாகக் கேட்காமல் தாண்ட அவரால் முடியவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு அவள் முன்னுக்குப் போனாள். அழகரத்தினம் அவளைக் கண்டார். கண்டதை முகத்தில் காட்டவில்லை. மேளக்காரரைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், பிறகு யாரும் வந்துவிட்டது தனக்குத் தெரியாது என்பது போல, மேலே பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"பொன்னாண்ட குடி."

"இரிக்கம்," என்றாள் கேதீஸ்வரி.

குரல் வாசல் மட்டுக்கும் கேட்டது. ஒரு பெண் குரல் அந்த இடத்தில் கேட்டதற்குச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போய் இரண்டு கையையும் நீட்டினாள். அழகரத்தினம் வெற்றிலையை வைத்தார், திருநீற்றை வைத்தார், குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"அடுத்த வருசம் நேரத்துக்கு வந்து சேர், மகள். காலெல்லாம் உளையுது."